யார் பெரியவர் என்ற பழைய வழக்கு

சங்கரன்கோவிலில் வாழும் நமக்கு ஆண்டுதோறும் சில வார இடைவெளியில் இரண்டு காட்சிகள் காணக் கிடைக்கின்றன. முதலாவது ஆடித்தபசு. கோமதியம்மன் தவத்துக்கு இரங்கிச் சிவனும் திருமாலும் ஒரே உடலாய்த் தோன்றினர் என்னும் நம்பிக்கையைக் கொண்டாடும் பெருவிழா அது. சுற்றுப்பட்டி உழவர் தம் நிலத்தில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் கொண்டுவந்து அம்மன் சப்பரத்தின்மீது சூறையிடுவர். எந்தக் குலத்தவன் நிலத்துப் பருத்தி எது என்று அங்கே எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இரண்டாவது காட்சி ஆகஸ்டு 20ஆம் நாளும் செப்டம்பர் 1ஆம் நாளும் வருவது. முன்னது ஒண்டிவீரன் நினைவு நாள். பின்னது பூலித்தேவர் பிறந்த நாள். இரண்டும் நம் ஊருக்கு அண்மையிலுள்ள நெற்கட்டும்செவல் மண்ணைச் சார்ந்தவை. இந்நாள்களை ஒட்டிச் சாலைகளில் காவல்துறையின் சோதனைச் சாவடிகள் முளைக்கின்றன. எந்த ஊரார் எந்த வழியாக, எந்த நேரத்தில் செல்லலாம் என்று அட்டவணை வகுக்கப்படுகிறது. தடையுத்தரவும் பலமுறை பிறப்பிக்கப்பட்டுள்ளது. ஒரே படையில் ஒரே பகைவனை எதிர்த்து நின்றவர்களுக்கு மாலையிட வருவோரை, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதபடி பிரித்து அனுப்ப வேண்டிய நிலை நமக்கு வந்திருக்கிறது.

இந்த அவலத்தைப் பற்றித்தான் எழுத விழைகிறோம். 'புராணமும் பாளையக்காரர் கதையும் பிறருடையவை. கத்தோலிக்கருக்கு இதில் என்ன வேலை?' என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். அதற்குரிய விடையை இறுதியில் தருவோம். ஊர்க் கதை ஊரார் அனைவருக்கும் உரியது என்பதை மட்டும் இப்போதைக்கு ஏற்றுக்கொண்டு உடன் வருமாறு வேண்டுகிறோம்.

நம் ஊர் தோன்றிய கதையை முதலில் நினைவுகூர்வோம். சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர். ஒருவன் சிவனைப் போற்றுபவன். மற்றவன் திருமாலைப் போற்றுபவன். தத்தம் தெய்வமே பெரிது என்று இருவரும் வழக்காடினர். வழக்கு அம்மையிடம் சென்றது. அம்மை தீர்ப்புச் சொல்லவில்லை, தவம் செய்தாள். பாதி உடல் சங்கரனும் பாதி உடல் நாரணனுமாகத் தோன்றிய வடிவமே தீர்ப்பாயிற்று. யார் பெரியவர் என்ற கேள்வியே தவறு என்று உணர்த்துவதற்காகப் பிறந்த ஊர் இது என்பதே கதையின் கருத்து.

கதையின் அடுத்த பகுதி மண்ணில் நடக்கிறது. இவ்விடம் அப்போது புன்னை வனம். காவல் புரிந்தவன் காவற்பறையன். ஒரு நாள் அவன் புற்று ஒன்றை வெட்டியபோது உள்ளிருந்த பாம்பு வெட்டுண்டது. புற்றினுள்ளே இலிங்கமும் தெரிந்தது. அதே வேளையில் உக்கிரபாண்டியனின் யானை, இன்றைய பெருங்கோட்டூர்ப் பக்கம், கொம்பால் நிலத்தைக் குத்தி வீழ்ந்து மேலே நடக்க மறுத்தது. திகைத்து நின்ற மன்னனிடம் ஓடிச் சென்று தான் கண்டதைச் சொன்னவன் அக்காவலனே. மன்னன் வந்தான், வணங்கினான், காடு கெடுத்துக் கோவில் எழுப்பினான். இது 11ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது என்பது கோவில் மரபு.

இக்கதையில் முதலில் கண்டவன் யார்? மன்னன் அல்லன். சேரியில் பிறந்த காவலாளி. மன்னனுக்கே வழிகாட்டியவன் அவன். இதைக் கதை மறைக்கவில்லை. ஆயினும் ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். காவற்பறையன் உண்மையில் மணிக்கிரீவன் என்னும் வானவன் என்றும், சாபத்தால் அப்பிறவி எய்தினான் என்றும் தலபுராண மரபு கூறுகிறது. தாழ்த்தப்பட்ட ஒருவன் இறைவனை முதலில் கண்டான் என்று சொல்ல நேர்ந்தபோது, அவனைப் பிறப்பால் தேவனாக்கிய பிறகே சொல்ல மனம் வந்தது போலும்! மன்னன் மன்னனாகவே இருக்கலாம். காவலன் மட்டும் காவலனாகவே இருந்து கடவுளைக் காணலாகாதா? ஊர்க் கதைகளில் முதல் வெட்டு விழுவது பாம்பின் வாலில் அன்று, எளியவனின் பெயரில்தான்.

நம் ஊர்க் கதையை நாமே விலகி நின்று பார்ப்பது கடினம். உடனே நமக்குள் சாதி பேசத் தொடங்கிவிடும். ஆகவே இன்று எவரும் உரிமை கொண்டாடிக் கல்லெறியாத சில கதைகளைப் பண்டைய கிரேக்க நாட்டிலிருந்து எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் ஒவ்வொரு நகரும் தனி அரசு. ஒவ்வொன்றுக்கும் தோற்றக் கதை ஒன்றும், மாண்டபின் வழிபடப்பட்ட வீரன் ஒருவனும் உண்டு. நம் பாம்பும் புற்றும் அங்கேயும் இருப்பதைக் கண்டு வியப்பீர்கள்.

தீப்ஸ் நகரை நிறுவிய காட்மஸ், அங்கிருந்த பெரும் பாம்பைக் கொன்று அதன் பற்களை நிலத்தில் விதைத்தானாம். விதைத்த இடத்தில் ஆயுதம் தாங்கிய வீரர் முளைத்தெழுந்தனர். எழுந்த வேகத்தில் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்தனர். எஞ்சியவர் ஐவர். அவ்வைவரின் வழிவந்தோரே நாங்கள் என்று அந்நகரின் உயர்குடியினர் பெருமை பேசினர்.

ஏதென்ஸ் நகரின் முதல் மன்னன் கெக்ரோப்ஸ் பாதி மனிதன், பாதி பாம்பு. பின்னர் வந்த எரிக்தோனியஸ் மண்ணிலிருந்தே பிறந்தவன். ஆகவே ஏதென்ஸ் மக்கள், 'மற்றவர்கள் வந்தேறிகள். நாங்களே இம்மண்ணில் முளைத்தவர்கள்' என்று சொல்லிக்கொண்டனர். கேட்பதற்கு இனிமையான கதைதான். ஆனால் அக்கதை எவருக்கு எதிராகப் பயன்பட்டது? பல தலைமுறையாய் அந்நகரில் உழைத்து வாழ்ந்த அயலார்க்குக் குடியுரிமை கிடையாது. கி.மு. 451இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டம் தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ் குடியினராய் இருந்தாலன்றிப் பிள்ளை குடிமகன் ஆகான் என்றது. மண்ணில் பிறந்தோம் என்ற கதை, மண்ணில் உழைத்தவனை வெளியே நிறுத்தும் வேலியாயிற்று.

சிக்கியோன் நகரில் நடந்தது இன்னும் கேடானது. எரோடோட்டஸ் அதனை விரிவாக எழுதியிருக்கிறார். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நகரை ஆண்ட கிளைஸ்தனிஸுக்கு ஆர்கோஸ் நகரோடு பகை. தன் நகரில் வழிபடப்பட்ட வீரன் அட்ராஸ்டஸ் ஆர்கோஸைச் சேர்ந்தவன் என்பதால் அவனை வெளியேற்ற விரும்பினான். டெல்பி கோவில் இசைவு தரவில்லை. உடனே அவன், அட்ராஸ்டஸின் சகோதரனையும் மருமகனையும் கொன்ற மெலனிப்பஸ் என்னும் வீரனைத் தீப்ஸிலிருந்து வரவழைத்துக் கோவில் அமைத்து, பழைய வீரனுக்குரிய பலிகளையும் விழாக்களையும் புதியவனுக்கு மாற்றிக் கொடுத்தான். அத்தோடு விட்டானா? தன் குலத்துக்கு 'மக்கள் தலைவர்' என்று பெயர் சூட்டி, பிற குலங்களுக்குப் பன்றி, கழுதை ஆகியவற்றின் பெயர்களை இட்டான். அவன் மாண்ட பிறகும் 60 ஆண்டுகள் அப்பெயர்கள் வழங்கின. வீரனை மாற்றுவதும் பிறர் குலத்தை இழிவாய் அழைப்பதும் ஒரே கையின் இரு செயல்கள் என்பதை அறிய இதைவிடச் சான்று வேண்டுமோ?

இன்னொன்று ஆம்பிபோலிஸ். கி.மு. 437இல் ஆக்னோன் என்னும் ஏதென்ஸ்காரர் அந்நகரை நிறுவினார். 15 ஆண்டுகள் கழித்து அந்நகரை ஏதென்ஸிடமிருந்து காக்கும் போரில் ஸ்பார்ட்டாவின் படைத்தலைவன் பிராசிடாஸ் வீழ்ந்தான். ஊரார் அவனை நகருக்குள்ளேயே அடக்கம் செய்து, வேலியிட்டு, ஆண்டு விழாவும் எடுத்து, அவனே எங்கள் நகரை நிறுவியவன் என்று அறிவித்தனர். ஆக்னோனை நினைவூட்டிய கட்டடங்களை இடித்தனர். ஏதென்ஸ் மீதிருந்த அச்சமும் ஸ்பார்ட்டாவின் துணை வேண்டும் என்ற கணக்குமே காரணம் என்று துசிடிடிஸ் எழுதுகிறார். நகரை நிறுவியவர் யார் என்பதைக் கூட அரசியல் தேவை ஓர் இரவில் மாற்றி எழுதிவிடும் என்பது 2400 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். பூலித்தேவர் 1715இல் பிறந்தவர் என்பர். 1755இல் கர்னல் ஹெரான் படையெடுத்து வந்தபோது பணியாது நின்றவர். பின்னர் யூசுப் கானின் பீரங்கிகளையும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தவர். 1767இல் வாசுதேவநல்லூர்க் கோட்டை ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தபின் அவர் முடிவு பற்றி ஆவணங்கள் தெளிவாகப் பேசவில்லை. ஆவணம் நின்ற இடத்தில் மக்கள் பேசினர். சிறைப்பட்டுச் சென்ற வழியில் சங்கரன்கோவிலில் வழிபட வேண்டினார், உள்ளே சென்றார், கைவிலங்கு அறுந்து விழுந்தது, ஒளியில் கலந்து மறைந்தார் என்பது அவர்கள் சொல். கோவிலில் அவர் பெயரால் ஓர் அறையும் இன்றளவும் காட்டப்படுகிறது.

'இதெல்லாம் கட்டுக்கதை' என்று நகைக்கும் படித்தவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கும் ஒன்று சொல்வோம். ஆஸ்டிபாலியா என்னும் தீவைச் சேர்ந்த குத்துச்சண்டை வீரன் கிளியோமிடிஸ், ஊராரால் துரத்தப்பட்டு ஆதீனா தேவியின் கோவிலில் ஒரு பேழைக்குள் ஒளிந்தான். பேழையை உடைத்துப் பார்த்தபோது உள்ளே ஆளில்லை. வீரர்களில் கடைசியானவன் அவன், வழிபடுங்கள் என்று டெல்பி கூறிற்றாம். ஆனால் அந்தக் கிளியோமிடிஸ் செய்தது என்ன? பரிசு மறுக்கப்பட்ட வெறியில் பள்ளிக்கூடத்துத் தூணைச் சாய்த்து ஏறத்தாழ 60 சிறுவர்கள்மேல் கூரையை வீழ்த்தியவன் அவன். கோவிலில் புகுந்து மறைந்தான் என்ற கதை இங்கும் உண்டு, அங்கும் உண்டு. ஆனால் அங்கே மக்கள் வணங்கியது வலிமைக்கு அஞ்சி. இங்கே நினைத்துப் போற்றுவது, நம்மை அடக்க வந்தவன் கையில் அகப்படாத மனிதர் ஒருவரை. கதை நிகழ்ந்ததா என்று மட்டும் கேட்பவர், மக்கள் எதனை விரும்பி அதனைச் சொல்கிறார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறார். எவராலும் பிடிக்க முடியாத ஒருவர் வேண்டும் என்ற ஏழை மக்களின் ஏக்கத்தை நகைக்க நமக்கு உரிமையில்லை.

நம் வழக்கு கதையோடு அன்று, கதையைக் கூறுபோடுவோரோடுதான். பூலித்தேவர் தனியே நின்றாரா? பகைவர் பாசறையில் தனியாளாய்ப் புகுந்து அவர்தம் பீரங்கியை அவர்கள்மீதே திருப்பியவர் ஒண்டிவீரன் என்கிறது வாய்மொழி மரபு. சரிந்த குடலைத் துணியால் கட்டிக்கொண்டு போரிட்டு மாண்டவர் வெண்ணிக்காலாடி என்கிறது அதே மரபு. ஒருவரை மறவரும், ஒருவரை அருந்ததியரும், ஒருவரைத் தேவேந்திரரும் தம்மவர் என்பர். மூவரும் ஒரே கோட்டையைக் காத்தவர்கள். இன்றோ மூன்று கொடிகள், மூன்று ஊர்வலங்கள், மூன்று வேறு சாலைகள். ஒவ்வொரு மேடையிலும் கதையின் மூன்றிலொரு பங்கே பேசப்படுகிறது; மற்ற இரண்டு பங்கும் இல்லையென்றே ஆக்கப்படுகின்றன. வெள்ளையன் பூட்டிய விலங்கு அறுந்ததாகக் கதை சொல்லும் நாமே, அவ்வீரர்களைச் சாதி என்னும் விலங்கில் பூட்டிவைத்திருக்கிறோம்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அதனை நாம் மதித்தே கேட்க வேண்டும். 'நூற்றாண்டுகளாக எங்கள் வீரர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் பாடநூலிலும் ஏறவில்லை. இன்று நாங்கள் அவர்களை உயர்த்திப் பிடிக்கும்போது மட்டும் ஒற்றுமை பேச வருகிறீர்களே' என்று ஒடுக்கப்பட்டோர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. 2022இல் ஒண்டிவீரனுக்கு அஞ்சல்தலை வெளியிடப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். காலம் கடந்து வந்த நீதி அது. காவற்பறையனைத் தேவனாக்கி மறைத்த அதே கை, ஒண்டிவீரனையும் வெண்ணிக்காலாடியையும் நெடுங்காலம் மறைத்தது. ஆகவே விடுபட்ட பெயரைச் சேர்ப்பவரும், இருக்கும் பெயரை அழிப்பவரும் ஒன்றல்லர். முன்னவர் கதையை முழுமையாக்குகிறார். பின்னவர் சிக்கியோன் மன்னனின் வழியில் செல்கிறார். இவ்வேறுபாட்டைக் காணாமல் 'எல்லாரும் அமைதியாயிருங்கள்' என்று பொதுவாக உபதேசிப்பது, அமைதியின் பெயரால் பழைய அநீதியைக் காப்பதே ஆகும்.

பெயரைச் சேர்க்க மறுத்தால் என்ன நேரும் என்பதையும் நம் தென் மாவட்டங்கள் கண்டிருக்கின்றன. 1997இல் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மன் படையில் நின்று உயிர் கொடுத்தவர் அவர். அப்பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஒரு சாரார் எதிர்த்தனர், கலவரம் மூண்டது. முடிவில் போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் அனைத்தின் தலைவர் பெயர்களையும் அரசு நீக்கியது. கட்டபொம்மன் பெயரும் நம் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து அவ்வாறே போயிற்று. தளபதியோடு ஒரே பலகையில் இருக்க மறுத்ததால் தலைவனும் பெயர் இழந்தான். காட்மஸ் விதைத்த பாம்புப் பற்கள் தீப்ஸில் மட்டுமா முளைத்தன?

இனி, தொடக்கத்தில் தள்ளிவைத்த கேள்விக்கு வருவோம். இதில் நமக்கென்ன? இறைமக்களாகிய நாம் வெளியே நின்று தீர்ப்பளிக்கத் தகுதியுடையவர்களா? வடக்கன்குளத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே பீடத்தில் வந்து முடியும் இரண்டு தனித்தனிக் கூடங்களாக, கால்சட்டையைப் போல, அங்கே கோவில் கட்டப்பட்டது. ஒரு பக்கம் வேளாளர். மறுபக்கம் நாடார் முதலிய ஏனையோர். நடுவில் தடுப்பு. ஒரே அப்பத்தை உண்ண வந்தவர்கள் ஒருவரையொருவர் காணாதபடி செய்த ஏற்பாடு. 1910இல் தந்தை கௌசானல் அத்தடுப்பை இடித்தார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. இடித்த சுவரை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தரவில்லை. சுவரை எழுப்பக் காட்டப்பட்ட நியாயம் என்ன? பழைய வழக்கம், முன்னோர் உரிமை. அதாவது, முதலில் வந்தவர் நாங்கள் என்ற தோற்றக் கதையே.

அந்தச் சுவர் இடிந்தது, கதை இடிந்ததா? நம் பங்குகளின் வெள்ளி விழா, பொன்விழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். முதலில் மனந்திரும்பியது எந்தக் குடும்பம், நிலம் கொடுத்தது எந்தக் குடும்பம், கொடிமரம் நட்டது யார் என்பதே பக்கம் பக்கமாய் நிறைந்திருக்கும். கல் சுமந்த பெண்கள், சுண்ணாம்பு அரைத்த கைகள், ஓலைக் கொட்டகையில் செபம் சொல்லிக் கொடுத்த உபதேசியார் ஆகியோர் எத்தனை மலரில் இடம்பெற்றார்கள்? சப்பரத்தை முதலில் தொடுவது யார், தேர் எந்தத் தெரு வழியாகச் செல்லாது, கல்லறையில் யாருக்கு எந்த மூலை என்ற பூசல்கள் நம்மிடையே ஓய்ந்துவிட்டன என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? ஆகஸ்டு மாதத்துச் சுவரொட்டிகளில் சாதிச் சங்கத்தின் பெயருக்குக் கீழே அந்தோணியும் சவரிமுத்துவும் காணப்படுவதில்லையா?

வழிநடையில் தங்களுக்குள் யார் பெரியவர் என்று வாதாடிய சீடர்களிடம் ஆண்டவர், வழியில் எதைப் பற்றிப் பேசினீர்கள் என்று கேட்டபோது அவர்கள் வாய் திறக்கவில்லை. வெட்கம் அவர்களைத் தடுத்தது. அந்த வெட்கமாவது நமக்கு வேண்டாமா? சங்கனும் பதுமனும் தம் வழக்கை அன்றே முடித்துக்கொண்டனர். நற்செய்தியைக் கையில் ஏந்திய நாம் இன்னும் முடிக்கவில்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிய புரட்சி எதையும் அன்று. கதையை முழுதாகச் சொல்லுங்கள் என்பதே. பிள்ளைகளுக்குப் பூலித்தேவரைச் சொல்லும் வீட்டில் ஒண்டிவீரனும் வெண்ணிக்காலாடியும் அதே மூச்சில் சொல்லப்பட வேண்டும். ஒண்டிவீரனைச் சொல்லும் வீட்டில் பூலித்தேவரும் சொல்லப்பட வேண்டும். சாதியின் பெயரால் அச்சாகும் எந்தச் சுவரொட்டியிலும் திருமுழுக்குப் பெயர் தாங்கிய எவரும் இடம்பெறலாகாது. அடுத்த பங்கு விழா மலரில் நிலம் கொடுத்தவர் பெயருக்கு இணையாகக் கல் சுமந்தவர் பெயரும் வர வேண்டும். இவை நம் கையில் உள்ளவை. இவற்றுக்கு அரசாணை தேவையில்லை.

சங்கரன்கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். வருவோர் அதனை நெற்றியில் இடுவர், நோயுற்றோர்க்கு எடுத்துச் செல்வர். ஏதென்ஸ் மக்கள் மண்ணைக் காட்டிப் பிறரை விலக்கினர். இங்கே அம்மண் கேட்போர் கைக்கெல்லாம் கிடைக்கிறது. நாமும் ஆண்டுக்கொரு முறை, திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு மண்ணாயிருக்கிறோம், மண்ணுக்கே திரும்புவோம் என்று நினைவுகொள்கிறோம். மண்ணில் வேற்றுமை இல்லை என்று நெற்றியில் எழுதிக்கொண்டு, தெருவில் இறங்கியதும் யார் பெரியவர் என்று கேட்பதை நாம் எப்போது நிறுத்தப் போகிறோம்?